கடமான் அமைச்சரும் தண்ணீர் டோக்கன் ஆப்பும்

ஒரு காட்டில் சிங்கராஜா ஒருவர் இருந்தார். வேட்டையாடி வாழ்ந்தார் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அவர் வேட்டையை விட்டுப் பல கோடைகள் ஆகிவிட்டன. ஓடினால் மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது. அதனால் நிர்வாகத்தில் இறங்கிவிட்டார்.

அந்த நிர்வாகத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு திட்டம் தோற்றுப்போனால், அதை முடிவு செய்தவரை ராஜா சாப்பிடுவார். ஆகவே ராஜா ஏகப்பட்ட திட்டங்கள் போட்டார். முந்தைய அமைச்சரான காட்டெருமை, மின்மினிகளை வைத்துப் பாதை விளக்குத் திட்டம் கொண்டுவந்தார். மழை பிடித்ததும் விளக்குகள் எல்லாம் ஜோடி சேர்ந்துகொண்டு புதருக்குள் போய்விட்டன. ராஜாவுக்கு ஒரு வாரம் சாப்பாட்டுக் கவலை இல்லை. காட்டெருமைக்கும் முன்னால் இருந்த காட்டுப்பன்றி என்ன திட்டம் போட்டார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. ருசியாக இருந்தார் என்பது மட்டும் ராஜாவுக்கு ஞாபகமிருந்தது.

இப்போது அமைச்சராக இருந்தவர் கோதண்டம் என்கிற கடமான். நல்லவர், படித்தவர். பதவி வேண்டாம் என்று சொல்லப் பயந்துகொண்டே பதவிக்கு வந்தவர்.

அந்தக் கோடையில் காட்டில் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் இருந்தது. ராஜா ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனபோது முன்னால் எருமைகளின் முதுகுகள்தான் தெரிந்தன. காத்திருந்து காத்திருந்து, கடைசியில் யானை குளித்துவிட்டுப் போன சேற்றை நக்கிவிட்டுத் திரும்பினார். மறுநாளே கோதண்டத்தை அழைத்தார். ராஜா எப்போதும் கொஞ்சம் நாடகத் தமிழில்தான் பேசுவார்.

"அமைச்சரே, மடுவுக்கு ஓர் ஆப் வேண்டும். ஒவ்வொருவருக்கும் டோக்கன், ஒவ்வொருவருக்கும் நேரம். நம் காட்டிலேயே இருக்கும் குழுவை வைத்துச் செய்வீரோ, வெளியிலிருந்து கன்சல்டன்சியைக் கூட்டி வருவீரோ, பௌர்ணமிக்குள் முடிவு சொல்லும்."

சொல்லிவிட்டு அமைச்சரின் தொடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோதண்டம் திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்தவர் மூங்கில் குருத்தைத் தொடவில்லை. மனைவி அம்சவேணிக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஏங்க, யாரு நல்லா செய்வாங்களோ அவங்களுக்குக் குடுத்துட்டுப் போங்களேன். இதுக்கா சாப்பிடாம கெடக்குறீங்க?"

"யாரு நல்லா செய்வாங்கங்குறது இல்ல அம்சா பேச்சு. கெட்டுப்போச்சுன்னா எனக்குப் பதிலா யாரைத் தின்பாரு? அதைப் பாத்துத்தான் குடுக்கணும்."

நிர்வாகத்தின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அம்சவேணி பாராட்டவில்லை. குருத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

முதலில் சொந்தக் குழுவைப் பார்க்கப் போனார். காட்டின் மென்பொருள் வேலைகளையெல்லாம் பாறை இடுக்கில் குடியிருந்த முள்ளம்பன்றிகள்தான் பார்த்துவந்தன. நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற பழக்கம் அவர்களில் யாருக்கும் கிடையாது. தலைவர் பெயர் காசிலிங்கம்.

"ஆறு மாசம் ஆகும்," என்றார் காசிலிங்கம், விஷயத்தைக் கேட்பதற்கு முன்பே.

"ராஜா இந்தக் கோடைக்கே கேக்குறாரு, காசி."

"அப்ப எட்டு மாசம் ஆகும்."

"சரி, செஞ்சது பழுதாகாம ஓடுமா?"

"பழுதாகும் சார். சரி பண்ணுவோம். மறுபடி பழுதாகும். அப்படித்தான சார் ஓடும்?"

கோதண்டம் மெல்ல விஷயத்துக்கு வந்தார். "பழுதானா, முடிவு எடுத்தது நாங்கதான்னு ராஜாகிட்ட நீங்க சொல்லிக்குவீங்களா?"

காசிலிங்கம் சிரித்ததில் முட்கள் எல்லாம் சலசலத்தன. "தாராளமா சொல்லிக்கிறோம். ராஜாதான் ஒத்துக்க மாட்டாரு."

அது உண்மைதான். எப்போதோ ஒருமுறை ராஜா காசிலிங்கத்தின் பெரியப்பாவைச் சாப்பிட முயன்றார். உதட்டில் ஏறிய முட்களை எடுத்து முடிக்கும்வரை கர்ஜனை கிடையாது, தலையாட்டல்தான். அன்றிலிருந்து முள்ளம்பன்றிகள் என்ன தப்பு செய்தாலும் ராஜாவின் பார்வை பக்கத்தில் நிற்பவர் மேல்தான் போகும். பக்கத்தில் நிற்கப்போவது யார் என்று கோதண்டத்துக்குத் தெரியாதா? மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

அடுத்து, ஏரிக்கு அப்பாலிருந்து நாரைகளை வரவழைத்தார். வெண்சிறகு ஆலோசனை நிறுவனம் என்று பெயர். ஆளுக்கொரு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். கழுத்து நீளம் என்பதால் அட்டை முழங்காலில் இடித்தது. நிரஞ்சன் என்ற நாரை பிரசென்டேஷன் முழுவதையும் ஒற்றைக் காலில் நின்றே முடித்தார். ஒவ்வொரு படத்திலும் ஓர் அம்பு மேலே போய்க்கொண்டிருந்தது. எது மேலே போகிறது என்று கேட்கக் கோதண்டத்துக்குக் கூச்சமாக இருந்தது.

"எங்களை வெளியாளா நெனைக்காதீங்க சார். உங்க குடும்பத்துல ஒருத்தரா நெனைச்சுக்குங்க," என்றார் நிரஞ்சன்.

கோதண்டத்துக்கு உயிர் வந்தது. "அப்படின்னா தம்பி, ஏதாவது கோளாறாச்சுன்னா ராஜா என்னைய விட்டுட்டு உங்களைச் சாப்பிடலாம் இல்லையா?"

நிரஞ்சன் காலை மாற்றிக்கொண்டார். "எங்க பொறுப்புக்கு ஒப்பந்தத்துல ஒரு உச்சவரம்பு இருக்கு சார்."

"எவ்வளவு?"

"ஒரு இறகு."

"உடம்போட சேர்த்தா?"

"இல்ல சார், உதிர்ந்தது."

அன்று கோதண்டம் வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்ததுமே அம்சவேணி குருத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். ஒருத்தருக்கு முள் இருக்கிறது, தின்ன முடியாது. இன்னொருத்தருக்குச் சிறகு இருக்கிறது, பிடிக்க முடியாது. நடுவில் வெறும் சதையோடு நிற்பது அவர் மட்டும்தான். இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தார். அந்த முடிவையும் அவர்தானே எடுக்க வேண்டும்?

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. சட்டம் தின்னச் சொல்வது முடிவு செய்தவரை. முடிவே செய்யாதவரை யார் என்ன செய்ய முடியும்?

பௌர்ணமியன்று காலை நாரைகளும் முள்ளம்பன்றிகளும் வந்திருக்க, சபை கூடியது. "என்ன முடிவு, அமைச்சரே?" என்று கேட்டு ராஜா நாக்கைச் சுழற்றினார்.

கோதண்டம் நான்கு காலையும் மடக்கி வணங்கினார். "மகாராஜா, மென்பொருள்ங்குறது லேசுப்பட்ட விஷயம் இல்லீங்க. எங்க புத்திக்கு எட்டல. இதைப் புரிஞ்சுக்குற மூளை இந்தக் காட்டுல ஒருத்தருக்குத்தான் இருக்கு. அந்த ஒருத்தர் வாயால சொல்லட்டும்னு காத்திருக்கோம்."

ராஜாவின் பிடரி சிலிர்த்தது. வயதான பிறகு அவரது மூளையைப் பற்றி யாரும் பேசியதில்லை. இதுதான் சமயம் என்று நிரஞ்சன் ஒரு படத்தை நீட்டினார். ஆப்பின் பெயர் 'சிம்ம தீர்த்தம்'. திறந்ததும் ராஜாவின் முகம் வரும், இளமைக்கால முகம்.

காசிலிங்கமும் பேச எழுந்தார். "எட்டு மாசம்," என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை.

"நாரைகளுக்கே கொடுத்தோம்," என்று ராஜா எழுந்து நின்று கர்ஜித்தார். "இது நாமே எடுத்த முடிவு. அனைவரும் கேட்டுக்கொள்ளுங்கள்."

அனைவரும் கேட்டுக்கொண்டார்கள். கோதண்டம் இரண்டு காதாலும் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு நல்ல காலம். ஆப் தயாரான நாட்கள் முழுக்க நிம்மதியாகத் தூங்கினார், வேளாவேளைக்குச் சாப்பிட்டார். எண்ணிவிடலாம் போல் இருந்த விலா எலும்புகள் மறைந்தன. "இப்பத்தான் பாக்க அமைச்சர் மாதிரி இருக்கீங்க," என்று அம்சவேணி பூரித்துப்போனாள்.

ஒருவழியாக ஆப் வந்தது. நாரைகள் அதைத் தங்கள் ஏரியில், தங்கள் ஆட்களை வைத்தே சோதித்துப் பார்த்திருந்தார்கள் போலிருக்கிறது. முதல் கேள்வியே 'எந்தக் காலில் நிற்கிறீர்கள், இடதா, வலதா?' என்று இருந்தது. வேறு வழி கிடையாது. மான்கள் நான்கையும் சொல்லப் பார்த்தன, ஆப் ஏற்கவில்லை. பாம்பு முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. யானை தும்பிக்கையால் தொட்டுப் பார்த்தது, நடக்கவில்லை. பிறகு காலால் தொட்டது, போன் போய்விட்டது. போனே இல்லாத எருமைகள் வழக்கம்போல மடுவில் இறங்கிப் படுத்துக்கொண்டன.

ராஜா மூன்று காலைத் தூக்கப் பார்த்து இரண்டு தடவை விழுந்தார். எப்படியோ 'இடது' என்று அழுத்தி டோக்கன் வாங்கினார். 'உங்கள் முறை: ஐப்பசி' என்று வந்தது. அப்போது சித்திரை நடந்துகொண்டிருந்தது.

நிரஞ்சனைப் போனில் பிடித்தார்கள். அவர் ஏரிக்கு அப்பால் இருந்தார். "ஆப் சரியாத்தான் இருக்கு மகாராஜா. உபயோகிக்கிறவங்களுக்குத்தான் கால் அதிகமா இருக்கு. ரெண்டாம் கட்டத்துல அதைக் குறைக்கலாம்."

ராஜா போட்ட சத்தத்தில் காடே நடுங்கியது. "இதை முடிவு செய்தவர் யார்?"

கோதண்டம் மட்டும் முன்னால் வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கால் நடுங்காமல் பேசினார். "தாங்கள்தான் மகாராஜா. சட்டப்படி பாத்தா..." என்று சொல்லி, மீதியை மரியாதைக்காக விட்டுவிட்டார்.

எல்லோரும் ராஜாவின் வாயைப் பார்த்தார்கள். பிறகு ராஜாவின் வாலைப் பார்த்தார்கள். ராஜாவும் தன் வாலைப் பார்த்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"தோல்வி என்று யார் சொன்னது?" என்றார் ராஜா கடைசியில். "மடுவில் இன்று யாராவது முண்டியடித்தார்களா? ஒருவர் கூட இல்லை. இது மாபெரும் வெற்றி."

எருமைகளைத் தவிர யாருமே தண்ணீர் குடிக்கவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கைதட்டல் எழுந்தது. தலை தப்பிய சந்தோஷத்தில் கோதண்டத்துக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"வெற்றி என்றால் விருந்து வேண்டாமா?" என்றார் ராஜா. தோல்வி எதுவும் கிடைக்காமல் பல நாட்களாகவே அவருக்குச் சரியான சாப்பாடு இல்லை.

"கண்டிப்பா வேணும் மகாராஜா," என்று முதல் ஆளாகக் குரல் கொடுத்தவர் கோதண்டம்தான். "விருந்துக்கு என்ன ஏற்பாடு பண்ணட்டும்?"

ராஜா புதிதாகச் சதை பிடித்திருந்த அமைச்சரின் கழுத்தை, தோளை, தொடையை, ஒவ்வொன்றாக, அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்து சிறப்பாக நடந்தது. நாரைகள் வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். அம்சவேணிக்கு அரசாங்கம் வெற்றிக் கேடயம் கொடுத்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளாமல் அழுதுகொண்டே பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டாள். அமைச்சர் பதவி காலியாக இருக்கிறது, திட்டங்களில் ஆர்வமும் நல்ல உடற்கட்டும் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று மறுநாள் அறிவிப்பு வந்தது.

நீதி: மென்பொருளைச் சொந்த ஆட்கள் செய்தாலும் வெளியாட்கள் செய்தாலும் ஒன்றுதான். தோற்றால் யாரைத் தின்பார்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஜெயித்தால் எதைத் தின்பார்கள் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியும்வரை மெலிந்தே இருங்கள்.