நாலு மணித் தண்ணி

உலக சமாதானத்தை என் வீட்டுக்காரர் பொறுப்பெடுத்து எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் இல்லை. லீவும் இல்லை.

குணாளன் அரசாங்க ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் கிராணி, அதாவது குமாஸ்தா. பென்ஷன் வாங்கிய மறு வாரமே 'உலகத் தேயிலைத் தமிழர்' என்ற முகநூல் குழுவுக்கு நெறியாளர் ஆகிவிட்டார். கேமரன் மலை, நுவரெலியா, வால்பாறை, அங்கிருந்தெல்லாம் கிளம்பி டொரன்டோ வரை போனவர்கள் என்று பதினோராயிரம் பேர். யாருடைய தாத்தா தோட்டத்தில் அதிகம் கஷ்டப்பட்டார் என்று அடித்துக்கொள்வார்கள். இவர் நடுவில் புகுந்து, 'சகோதரி, தங்கள் மனவருத்தம் புரிகிறது' என்று எழுதுவார். எனக்கு முதுகுவலி என்றால் "ம்."

முன்பெல்லாம் நாலு மணிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து தண்ணி குடிப்போம். எங்கள் கேமரன் மலைப் பக்கம் தண்ணி கலக்குவதென்றால் டீ கலக்குவது. திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரிகள் போவதைப் பார்த்தபடி யாரைப் பற்றியாவது பேசுவோம். இப்போது கோப்பை ஆறும். நான் ஆறமாட்டேன்.

"என்னங்க, தங்கையா மகளுக்கு நிச்சயமாம்."

"கொஞ்சம் இரு புவனேஸ். வால்பாறைக்காரரு மன்னிப்புக் கேக்கணும்னு நுவரெலியா சொல்லுது."

ஒரு நாள் அவரே வழி காட்டினார். குழுவில் எழுதியிருந்தார்: 'என் மனைவி தினமும் நாலு மணிக்குத் தண்ணி கலக்கித் தருவாள். அதைக் குடித்தால்தான் எனக்கு நிதானம் வரும்.'

தமிழ்நாட்டில் தண்ணி என்றால் வேறு சமாசாரம். நான் படித்த கான்வென்ட் கன்னியாஸ்திரிகள் அதைச் சொல்லித் தரவில்லை, சினிமா சொல்லித் தந்தது. தவமலர் என்ற பெயரில், செம்பருத்திப் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு குழுவில் நுழைந்தேன். ஒரே வரி: 'நெறியாளருக்கு நாலு மணிக்கே தண்ணியா?'

உடனே பதில் வந்தது. 'சகோதரி, தங்கள் அக்கறைக்கு மிக்க நன்றி.' எட்டு மாதத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் அன்பான வார்த்தை.

மறுநாள் காலைக்குள் இருநூறு பேர் கூடிவிட்டார்கள். பெண்டாட்டியே ஊற்றிக் கொடுக்கிறாளே என்று கோயம்புத்தூர் அழுதது. குடியை நிறுத்தும் மையத்தின் நம்பரை டொரன்டோ கொடுத்தது. அவரைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்பு தொடங்கியது. எதையும் அழிக்க முடியாது. தன்னைப் பற்றிய பேச்சில் நெறியாளர் கை வைக்கக்கூடாது என்பது இவரே எழுதிய விதி.

முகம் வாடி அடுப்படிக்கு வந்தார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

"நீ ஒரு வார்த்தை எழுது லா. அது டீதான்னு."

"எழுதுறேன். இனிமே தினமும் நாலுலேருந்து அஞ்சு வரைக்கும் போன் என் கையில."

"அந்த நேரத்துல சண்டை வந்தா?"

"தாத்தா காலத்துச் சண்டை. ஒரு மணி நேரம் காத்திருக்காதா?"

தலையாட்டினார். சொந்தப் பெயரில் எழுதினேன்: 'இவர் குடிப்பது தேயிலைத் தண்ணி. சந்தேகம் உள்ளவர்கள் வீட்டுக்கு வரலாம், உங்களுக்கும் கலக்குகிறேன்.' உலகம் அடங்கியது. தவமலர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறினாள்.

அன்று நாலு மணி. போன் என் மடியில். பக்கத்து வீட்டு இராசம்மா எங்கள் வேலி ஓரம் குப்பை கொட்டுவதில் தொடங்கி, அவள் மருமகள் வரை ஒரே மூச்சில் போனேன். அவர் கையைத் தூக்கினார்.

"ஒரு நேரத்துல ஒரு விசயம். மத்தவங்களுக்கும் வாய்ப்புக் குடுக்கணும்."

"மத்தவங்க யாருங்க இங்க?"

கோப்பையைக் கையில் சுழற்றினார். பிறகு, "ஆபீஸ்ல தினம் நாப்பது பேரு வந்து, ஐயா என்ன செய்யலாம்னு கேப்பாங்க. நின்னுபோச்சு. இப்ப அங்கதான் கேக்குறாங்க" என்றார்.

அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

"சரிங்க ஐயா. இராசம்மா விசயத்துல என்ன செய்யலாம்?"

நிமிர்ந்து உட்கார்ந்தார். சொன்னார். இராசம்மாவில் ஆரம்பித்து, லெம்பா பெர்த்தாம் வீடுகளில் வெள்ளச் சேறு புகுந்த வருடம் அவர் எழுதிக் கொடுத்த மனுக்கள் வழியாக, இந்தக் குளிரில் ஆபீஸுக்கு மின்விசிறி வாங்கியது யார் என்ற வழக்கு வரைக்கும். மணி ஐந்தானது. ஆறானது. என் டிவி நாடகம் ஆறரைக்கு.

ஆறு இருபதுக்கு, நானே போனை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"டொரன்டோவுல ஏதோ சண்டையாம். போய்ப் பாருங்க."