கொளஞ்சியம்மாளின் பருத்திக்கு வந்த வெள்ளம்

பெரம்பலூருக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில், அரசு ஓர் அணை கட்டியது. பாசனம், மின்சாரம், வெள்ளத் தடுப்பு என்று அதற்கு மூன்று பயன்கள். பயனுக்கு ஒன்றாக டவுனில் மூன்று அலுவலகங்கள் திறந்தார்கள். 2003-ஆம் ஆண்டு, அணையில் பாதித் தண்ணீர் கிடந்தது. அணைக்குக் கீழே, காய் பிடிக்கும் நேரத்தில், கொளஞ்சியம்மாளின் ஒன்றரை ஏக்கர் பருத்தி வாடிக் கிடந்தது.

ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் செல்லதுரையிடம் போனாள்.

“தம்பி, ஒரு தண்ணி வுட்டா போதும். பருத்தி பொழச்சுக்கும்.”

“தூக்கிடலாம்க்கா. ஆபீஸ்ல ஒரு காயிதம் வாங்கியாங்க.”

பாசன அலுவலகத்தில், “அணை நெறஞ்சாத்தாம்மா எங்க தண்ணி. இப்ப இருக்கிறது கரண்டு ஆபீஸோடது” என்றார்கள்.

மின்சார அலுவலகத்தில், “தண்ணி மெஷின் வழியாத்தான் வெளிய போகணும். மெஷின் இன்னும் வரல” என்றார்கள்.

“தண்ணி வந்துருச்சேங்க?”

“வந்துருச்சு. மெஷினுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு.”

வெள்ளத் தடுப்பு அலுவலகத்தின் பொறியாளர் சிங்காரவேலு நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“வெள்ளம் வந்தா அணையைக் காலி பண்ண எனக்கு அதிகாரம் இருக்கு. உங்க ஊருக்கு வெள்ளம் வந்துச்சா?”

“பயிரு காயுது சார்.”

“அது வறட்சிப் பிரிவு. அவங்க வந்தா சொட்டுத் தண்ணி விடாம பூட்டிருவாங்க. பரவால்லியா?”

கொளஞ்சியம்மாள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் அவருக்கு மனு போனது: ‘எங்கள் ஊர் வெள்ளத்தில் தத்தளிக்கிறது.’ கீழே நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

சிங்காரவேலு நேரில் ஆய்வுக்கு வந்தார். ஷூவில் புழுதி ஏறியது. வெடித்த நிலத்தைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார்.

“நெலம் கையெழுத்து போடாதும்மா. நீங்க போட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, உத்தரவு எழுதினார்.

ஷட்டர் திறந்தது. சாயங்காலத்துக்குள் பருத்தி தலை நிமிர்ந்தது.

“போதும் தம்பி, மூடிடு.”

“வெள்ளம் வடிஞ்சதுன்னு ஐயா எழுதணும்க்கா.”

ஐயா மறுபடி வந்தார். இந்தத் தடவை பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார்.

“இவ்ளோ தண்ணி நிக்கிது. வடிஞ்சதுன்னு எப்படி எழுதுறது?”

“ஷட்டரை மூடினா வடிஞ்சுரும் சார்.”

“வடிஞ்சாத்தானேம்மா மூட முடியும்?”

ஐந்தாம் நாள் ஊருக்குள் இடுப்பளவு தண்ணீர். பருத்தியில் மிஞ்சியது ரோட்டை ஒட்டிய மேட்டுப் பாத்தி மட்டும். அதையாவது காப்பாற்ற வேண்டும். பள்ளிக்கூட மொட்டைமாடியில் உட்கார்ந்து கொளஞ்சியம்மாள் அடுத்த மனுவை எழுத வைத்தாள்: ‘கடும் வறட்சி நிலவுகிறது.’ அதே நூற்றுப் பன்னிரண்டு பேர். இந்த முறை யாருக்கும் கை கூசவில்லை.

வறட்சிப் பிரிவு போர்க்கால அடிப்படையில் செயல்பட்டது. அன்றே ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டது. கொளஞ்சியம்மாள் அணை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில், வறட்சி நிவாரணமாக இரண்டு லாரி குடிநீர் வந்தது. லாரி நிற்கக் காய்ந்த இடம் ஒன்றுதான் இருந்தது. இரண்டும் மேட்டுப் பாத்தியில் ஏறி நின்றன. ஊரே நனைந்த துணியோடு குடம் தூக்கி வந்தது. பருத்திச் செடிமேல் நின்றுகொண்டு, யார் முதலில் வந்தது என்று சண்டை போட்டது.

“ஐயோ, என் பருத்தி!” என்று கொளஞ்சியம்மாள் கத்தினாள்.

“ஏங்க்கா சத்தம் போடுறீங்க? லாரியில பாதித் தண்ணிதான் இருக்காம்” என்றான் முன்னால் நின்ற பூமாலை.

கொளஞ்சியம்மாள் லாரியை எட்டிப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைக் கலக்கியபடி வீட்டுக்கு ஓடினாள், குடம் எடுத்துவர.