மாத்திரைத் தாளின் முன்பக்கம்

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அடுத்தவருக்குப் படித்துக் காட்டுவதற்கென்றே பிறந்த ஓர் இனம் உண்டு. அவர்களைத் தேட வேண்டாம். கையில் மருந்துப் பையோடு நின்றால் போதும், தானாக வருவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் மாதா கோயிலுக்கு வாய்த்தவர் ரேமண்ட். ரயிலில் டிக்கெட் பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது ஊரார் மாத்திரை பார்க்கிறார். ஞாயிறு பூசை முடிந்து, கோப்பியும் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப்பும் வந்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கி, தாளும் நாலு மடிப்பு விரிந்துவிட்டால், எந்த டாக்டரால் அவர் முன்னால் நிற்க முடியும்?

வலேரி புருஷனைப் பறிகொடுத்து எட்டு மாதம் முடங்கிக் கிடந்தவள். மனச்சோர்வு மாத்திரை சாப்பிட ஆரம்பித்து மூன்றாம் மாதம்தான், தலை சீவிக்கொண்டு பாடகர் குழுவுக்குத் திரும்பினாள். அவள் மருந்துப் பை ரேமண்ட் கண்ணில் பட்டது.

“இங்க பாரு வலேரி, ஹார்ட் செல்லுல ஓடுற கரண்ட்ட இது ஸ்லோ பண்ணலாமாம். நின்னு போச்சுன்னா?”

“டாக்டர் ஈசிஜி எடுத்துப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு, அங்கிள்.”

“டாக்டருக்கு ஆயிரம் பேஷண்ட் லா. எனக்கு நீ ஒருத்திதான்.”

என்ன பாசம் பாருங்கள். அந்தப் பாசத்துக்குப் பயந்து அவள் மாத்திரையை நிறுத்தினாள். ஆறாம் நாள் தலை சுற்றி, அழுது, மறுபடி கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நடாலியும் கதவைத் தட்டோ தட்டென்று தட்டி, அவளை டாக்டரிடம் கூட்டிப் போனோம். மறுபடி ஈசிஜி. கரண்ட் ஒழுங்காகத்தான் ஓடியது. ஓடாமல் நின்றது அவள்தான்.

அடுத்த ஞாயிறு நடாலி அதே தாளைத் திருப்பி ரேமண்டிடம் நீட்டினாள்.

“டாக்டரக் கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு பின்னால போட்டிருக்கே அங்கிள், படிக்கலியா?”

“எழுத்து ரொம்பச் சின்னது லா.”

“உங்க கால் எரிச்சலுக்குச் சாப்பிடுறீங்களே, அதுவும் மனச்சோர்வு மாத்திரை வகைதான். அதோட தாளையாவது படிச்சீங்களா?”

ரேமண்ட் கறிபாப்பைக் கீழே வைத்தார். நான் பார்த்து அவர் அதைக் கீழே வைத்ததில்லை. திங்கட்கிழமை கிளினிக் திறக்கும் முன்னே, ஈசிஜி எடுக்க முதல் ஆளாக நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்?

வலேரி மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டாள். பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்கிறாள். வாய் அசைகிறது, சத்தம் இன்னும் வரவில்லை. வரும்.

ரேமண்டை நினைத்துச் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இதையே வாயால் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். என்னால் யாருக்கும் அந்த ஆபத்து இல்லை.

படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.