தையற்காரர் போட்டுக்கொண்ட ஊசி

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அதிலும் அக்கா கொஞ்சம் அதிகமாகவே நலம்; மூன்று நாளாகச் சிரிப்பு அடங்கவில்லை.

போன மாதம் கடையில் மேல்தட்டு நூல்பெட்டியை எடுக்கப் போனால், கை எட்டவில்லை. முப்பது வருஷமாக எட்டிய தட்டு. நான் எம்பிக்கொண்டிருக்கையில் உன் அக்கா வந்து, பேசாமல் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நேரம் பார்த்துச் சட்டைக் கையைப் பெரிதாக்க ஜிம் மாஸ்டர் வந்தார். "அண்ணே, வளர்ச்சி ஹார்மோன்னு ஒண்ணு இருக்கு. வயசாக ஆக அது குறைஞ்சிடும். ஊசி போட்டா சரியாயிடும்" என்று மறுநாளே ஒரு புட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். ஊசி நமக்கென்ன புதிதா? அக்காவுக்குத் தெரியாமல் தினம் வயிற்றில் ஒன்று போட்டுக்கொண்டேன். வளர்ச்சியும் வந்தது, ஆனால் விரலில். மூன்றாவது வாரம் கோட்டுத் துணி வெட்டி முடித்துக் கத்தரியைக் கீழே வைக்கப் பார்க்கிறேன், கட்டைவிரல் வளையத்தை விட்டு வரமாட்டேன் என்கிறது. சோப்பு போட்டாயிற்று, எண்ணெய் விட்டாயிற்று, உன் அக்கா காலை ஊன்றி இழுத்தும் பார்த்தாயிற்று. கடைசியில் கத்தரியும் கையுமாக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். நிற்க இடமில்லாத பஸ்ஸில் எங்களுக்கு மட்டும் மூன்று சீட் காலியானது. யாரையும் குத்திவிடக் கூடாதென்று வழிநெடுக அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை.

டாக்டரம்மா என் பையிலிருந்த நூல்கண்டையே வாங்கி, விரலில் நெருக்கமாகச் சுற்றி, கத்தரியை உருவி எடுத்தார். விரல் ஏன் வீங்கியது என்று கேட்டதும், அக்கா முன்னாலேயே ஊசி விஷயத்தை ஒப்புக்கொண்டு பையிலிருந்த புட்டியைக் காட்டினேன். "ஐயா, சின்ன வயசுலதான் இந்த ஹார்மோன் உயரத்தைக் கூட்டும். இப்ப எலும்பு நீளாது. வயசானா அது குறையத்தான் செய்யும், வியாதி இல்ல. தேவையில்லாம போட்டா கை கால் வீங்கும், சர்க்கரை ஏறும்" என்றார்.

உன் அக்கா, "கல்யாணத்தப்பவே இவர் குள்ளம்தான் டாக்டர். பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விரல் வலி என்று சமாளித்தேன்.

புட்டியை டாக்டரம்மாவிடமே கொடுத்துவிட்டேன். இனி வயசோடு எனக்கு எந்தத் தகராறும் இல்லை. உன் பிள்ளைகள் என்னைவிட உயரமாக வளரட்டும். பெரிய ஆசி இல்லைதான், ஆனால் மனதாரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உன் அக்கா மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். ஆழ்ந்து தூங்கினால் அந்த ஹார்மோன் தானாகவே சுரக்குமாம். ஆகவே நாளை முதல் மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை கடை அடைப்பு. இது சோம்பல் இல்லை, சிகிச்சை என்று அக்காவிடம் நீ போனில் சொல்லிவிடு. நான் சொன்னால் நம்பமாட்டாள்.