கையைக் காட்டச் சொல்கிறவர்

சுத்தக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. தினமும் குளிப்பவரெல்லாம் சுத்தக்காரர் ஆகிவிட முடியாது. அடுத்தவன் குளித்தானா என்று கேட்பவர்தான் அசல் சுத்தக்காரர்.

இவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள் என்றாலும், முற்றிப் பழுத்த ஒருவரைப் பார்க்க ஆசைப்பட்டால் பெங்களூரிலிருந்து ஆனேக்கல் பஸ் ஏறுங்கள். வழியில் புதிதாகக் கட்டியிருக்கும் பெரிய பால் ஆலையில் இறங்கி, சுகாதார சூப்பர்வைசர் பெருமாள்சாமி எங்கே என்று கேளுங்கள். கேட்கக்கூட வேண்டாம். சத்தம் வருகிற திசையில் போங்கள்.

காலையில் கேட்டருகே நின்றுகொண்டு, வேலைக்கு வருகிற அத்தனை பேரின் நகத்தையும் சோதித்து, தலைமுடியை மூடச் சொல்லி, பெண்களின் கண்ணாடி வளையலைக் கழற்ற வைத்து, வாசலில் தேக்கியிருக்கும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஒவ்வொருவரையும் கால் நனைக்க விட்டு, "சுத்தம்னா என்னா தெரியுமா?" என்று ஒரு பிரசங்கமும் செய்துவிட்டு, தாம் மட்டும் அந்தத் தண்ணீரை ஒரே தாவலில் தாண்டி உள்ளே போவார். பூட்ஸ் பாலிஷ் என்ன ஆவது? போகிற வழியில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. தும்மல் எந்தப் பக்கம் விழுந்தது என்கிறீர்களா? சூப்பர்வைசர் தும்மலில் கிருமி இருக்காது ஐயா!

அவருக்கு மிகவும் பிடித்த கை, பால் கேன் கழுவும் பாஞ்சாலியுடையது. புருஷன் இல்லாதவள், அவள் சம்பளத்தில்தான் பிள்ளைகளுக்குச் சோறு. சலவைச் சோடா கலந்த வெந்நீரில் கேன்களைத் தேய்த்துத் தேய்த்து அவள் விரலெல்லாம் வெந்து உரிந்திருக்கும்.

"என்னாம்மா இது, அழுக்கு?"

"அழுக்கு இல்ல சார், தோலு."

"எதுத்துப் பேசாதே!"

போன ஆயுத பூஜைக்கு ஆலை முழுவதும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. யார் ஏற்பாடு? சுத்தக்காரர்தான். காய்ச்சிக் கிருமி கொன்று குளிரவைத்த பால் நிறைந்து கிடக்கும் பெரிய தொட்டிக்குப் பொட்டு வைத்தார். அதோடு விட்டாரா? கோயில் குளத்தில் மொண்டு வந்த தீர்த்தச் செம்பும் மாவிலையுமாக மூடியில் கை வைத்தார். மெஷின் பார்க்கும் சில்வெஸ்டர் பதறிப்போய் ஓடிவந்தான்.

"சார், மூடியத் தெறக்காதீங்க! இது காய்ச்சி ஆறவெச்ச பாலு. அப்படியே பாட்டிலுக்குப் போறது சார்."

"ஏம்ப்பா, தீர்த்தத்துல கிருமி இருக்குங்கிறியா?"

சில்வெஸ்டரின் கழுத்தில் சிலுவை. சுற்றி நின்ற கூட்டம் அவனையே பார்த்தது. அவன் என்னதான் சொல்வான், பாவம்? "இல்ல சார்" என்று ஒதுங்கிக்கொண்டான். மாவிலையால் மூன்று முறை தெளித்தார். பக்தி மேலிட்டதும் செம்பையே கவிழ்த்தார். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பாஞ்சாலி உட்பட.

மறுநாள் காலை பெங்களூர் பிரேசர் டவுனில் அடுப்பேறிய பாலெல்லாம் திரிந்தது. பால் டிப்போ வாசலில் புளித்த பாட்டிலும் கையுமாகப் பெரிய கூட்டம். விசாரிக்க ஆலையிலிருந்து அனுப்பப்பட்டவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் பெருமாள்சாமியேதான். மனிதர் முகம் வெளிறி நின்றார். அப்போது வரிசையிலிருந்து ஒரு குரல் அவரைக் காப்பாற்றியது.

"கேன் கழுவுற பொம்பளைங்களுக்கு சுத்தம் எங்க சார் தெரியும்?"

"ஹௌது, ஹௌது!" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டது வரிசை. பெருமாள்சாமிக்கு உயிர் வந்தது. அந்த வாக்கியத்தைப் பத்திரமாக மானேஜரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"சாமி, சுடுதண்ணில ரெண்டு தபா கழுவினேன் சாமி! புள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க!" என்று பாஞ்சாலி கதறினாள்.

"பால் வாங்குற ஜனங்களே சொல்றாங்கம்மா. நான் என்னா பண்ணட்டும்?"

அன்றைக்கே அவள் சீட்டுக் கிழிந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பெருமாள்சாமியைத் திட்டிக்கொண்டே படித்து வந்தீர்கள் அல்லவா? திட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அன்று நானும் அந்த வரிசையில் நின்றேன். கேன் கழுவுகிறவளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்ன அந்த ஆசாமியின் முகம் எனக்கு மறந்துவிட்டது. குரல் மட்டும் காதிலேயே நிற்கிறது; மறுபடி கேட்டால் அடையாளம் சொல்லிவிடுவேன்.

எங்கே, நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள், கேட்கலாம்.