ஒரு கீறல்கூட இல்லாத கிட்டார்

"ரெண்டு வருஷமா வாசிக்கிறேன்றீங்க. ஒரு கீறல்கூட இல்லியே?"

கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் துரைக்கண்ணு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான் இருதயராஜ். மகளுக்காக வாங்க வந்தவர் மஃப்டியில் இருக்கும் ஏட்டு என்று இப்போதுதான் தெரிந்தது.

"பத்திரமா வெச்சிருந்தேன் சார். விளம்பரத்துலயே போட்டேனே, சூப்பர் கண்டிஷன்னு."

"பில் இருக்குதா?"

"இல்ல சார். கல்யாண நாளுக்கு என் வொய்ஃப் வாங்கிக் குடுத்தது."

"அவங்களுக்குப் போன் போடுங்க."

இருதயராஜ் போனை எடுக்கவில்லை. பிரபாவதி ஆசையாக வாங்கித் தந்தாளே என்றுதான், விரலில் கொப்புளம் கண்டும் தினம் சாயந்திரம் வாசித்தான். அவளும் எதிரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்பாள். 'எனக்கு வரலை' என்று சொன்னால் உடைந்துவிடுவாள். கம்பி மாற்றப் போவதாகச் சொல்லி விழுப்புரத்திலிருந்து கிளம்பியிருந்தான். விற்றுவிட்டு, பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவதாகத் திட்டம்.

"அவளுக்குத் தெரியாது சார்."

"தெரியாம எடுத்துக்கினு வந்தியா?"

பேச்சில் மரியாதை போய்விட்டதை இருதயராஜ் கவனித்தான்.

"போன வாரம் ஒரு சர்ச்சுல கிட்டார் காணாமப் போச்சு. தெரியுமா?"

"நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார். ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன்."

"அப்ப எது எங்க இருக்குன்னு நல்லாவே தெரிஞ்சிருக்கும்."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"உன்னுதுன்னா வாசி, பார்க்கலாம்."

வாசித்தான். பெஞ்சுக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட்டது.

"ரெண்டு வருஷம் வாசிச்ச கையாய்யா இது? திருட்டு மாலுதான். நட, ஸ்டேஷனுக்கு."

வேறு வழியில்லை. பிரபாவதியை அழைத்தான். துரைக்கண்ணு போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏட்டு பேசறேம்மா, திண்டிவனத்துல இருந்து. ஒருத்தன் உன் புருஷன்னு சொல்லிக்கினு கிட்டார் விக்க வந்திருக்கான். உங்களுதா அது?"

எல்லாம் முடிந்தது என்று இருதயராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"போலீஸ்னு சொல்லிக்கினு ஏமாத்தறவங்க நெறைய பேரு இருக்காங்க" என்றாள் பிரபாவதி. "அங்க இருக்கறது எங்க வீட்டுக்காரர்னா, கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்க."

துரைக்கண்ணு கண்ணைக் காட்டினார். இருதயராஜ் மறுபடி வாசித்தான். பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் குறுக்கே குரல் வந்தது.

"அவரேதான் சார், நிறுத்தச் சொல்லுங்க. மனுஷன் மனசு நோகக் கூடாதேன்னு ரெண்டு வருஷமா பல்லைக் கடிச்சிக்கினு கேக்கறேன். பாதி வெலை குடுத்தாக்கூடப் போதும், ஆனா அவரு மனசு மாறறதுக்குள்ள ஜல்தியா எடுத்துக்கினு போயிடுங்க."