பதிமூன்றாம் மாடியின் மேல் சிவப்புக் குறி

சைட் ஆபீஸ் சுவரில் தொங்கிய வரைபடத்தில், பதிமூன்றாம் மாடியின் மேல் யாரோ சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். நேற்று மாலை வரை அது இல்லை. காலை ஒன்பது மணிக்கு வந்த சைட் இன்ஜினியர் அதை விரலால் தடவிப் பார்த்தார்; நிஜக் குறிதான்.

நாற்பது மாடிக் குடியிருப்பு, மொட்டைமாடி வரை கான்கிரீட் போட்டாயிற்று. நிற்கிற மாடியை எப்படி நீக்குவது? முதலாளியைக் கேட்கலாம்தான். ஆனால் அவரிடம் 'ஏன்' என்று கேட்ட முந்தைய இன்ஜினியர் இப்போது வீட்டோடு இருக்கிறார்.

போதாக்குறைக்கு, இன்று மூன்று மணிக்கு முதலாளி ஒரு தம்பதியை அழைத்துக்கொண்டு இருபதாம் மாடி மாதிரி வீட்டைக் காட்ட வருகிறார். "ரெடியா இல்லேன்னா நாளைக்கு நீ வர வேணாம்" என்று சொல்லியாகிவிட்டது. இந்த வேலையும் போனால் மாமனாரின் செருப்புக் கடையில்தான் உட்கார வேண்டும் என்று மனைவியும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

டீக்கார அக்கா கெட்டிலோடு எட்டிப் பார்த்தாள். "சார், அந்த டம்ளர் விஷயம்..."

"அக்கா, இங்க ஒரு மாடியே காணாமப் போகுது. டம்ளரா முக்கியம்? அப்புறம் வாங்க!"

ஆர்க்கிடெக்டுக்குப் போன் போட்டார். "சார், பதிமூணை அடிச்சிருக்கே?"

"ஆங்... முதலாளி போட்டிருப்பார். பதிமூணுன்னா வாங்குறவங்க பயப்படுவாங்கல்ல? நம்பரை மட்டும் விட்டுடுங்க. பன்னெண்டுக்கு அப்புறம் பதினாலு."

"அப்போ நாப்பதாவது மாடி நாப்பத்தொண்ணு ஆயிடுமே?"

"ஆகட்டுமே! செலவில்லாம ஒரு மாடி கூடுதுல்ல?"

அதற்குமேல் என்ன கேட்பது? இன்ஜினியர் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். 'பழையது 19, புதியது 20', 'பழையது 20, புதியது 21' என்று எழுதி முடிப்பதற்குள் கால் கழன்றுவிட்டது. இனி எல்லோருக்கும் புது நம்பர்தான் என்று மேஸ்திரியிடம் சொல்லியும் அனுப்பினார்.

விஷயம் தச்சருக்குப் போய்ச் சேர்ந்தது, பிளம்பருக்குச் சேரவில்லை. மதியம் போய்ப் பார்த்தால், மாதிரி வீட்டுக் கதவுகள் புது இருபதில், அதாவது பழைய பத்தொன்பதில் மாட்டியிருக்கின்றன. சிங்க்கும் வாஷ்பேசினும் பழைய இருபதில். கீழ் வீட்டில் கதவு உண்டு, தண்ணீர் இல்லை. மேல் வீட்டில் தண்ணீர் உண்டு, குளியலறைக்குக்கூடக் கதவில்லை.

"நீங்கதானே சார் புது நம்பர்னு சொன்னீங்க?" என்றார் தச்சர்.

"சாமி, தப்புதான். கதவையெல்லாம் கழட்டி ஒரு மாடி மேல ஏத்திடுங்க" என்று கும்பிட்டுவிட்டு, இன்ஜினியர் லிஃப்டைப் பார்க்க ஓடினார்.

திரும்பி வந்தபோது மாடிப்படியில் கதவு ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. எதிரே சிங்க் ஒன்று கீழே வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இதை எங்க கொண்டு போறீங்க?" இன்ஜினியர் சிங்க்கை மறித்து நின்றார்.

"புது நம்பராமே? இப்பத்தான் மேஸ்திரி சொன்னார். நீங்க திட்டுறதுக்குள்ள நானே கழட்டிட்டேன்" என்றார் பிளம்பர் பெருமையாக. "இதுதான் கடைசி."

"கதவும் இதான் கடைசி" என்றார் தச்சர், சிங்க்குக்கு வழிவிட்டபடி.

இப்போது கதவு மேலே, தண்ணீர் கீழே. மணி மூன்று.

முதலாளி, தம்பதி, ஆர்க்கிடெக்ட் எல்லோரும் வந்துவிட்டார்கள். லிஃப்டில் பழைய நம்பர்தான், இருபதை அழுத்தினார்கள். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. அந்த அம்மா நேராகச் சமையலறைக்குப் போனார். சுவரிலிருந்து இரண்டு மொட்டைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணி எங்க வரும்?"

"கீழ் மாடியில, மேடம்" என்றார் இன்ஜினியர். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

முதலாளியின் முகம் சிவந்தது. "என்னய்யா இது?"

"பதிமூணாவது மாடியை எடுத்ததுல நம்பர் மாறிப்போச்சு சார். நீங்க வரைபடத்துல குறி போட்டிருந்தீங்கன்னு..."

"நானா?" என்று முதலாளி ஆரம்பிப்பதற்குள், வீடு வாங்க வந்தவர் துள்ளிக் குதித்தார். "பதிமூணே இல்லாத கட்டடமா? இத இத்தனை நாளா தேடிக்கிட்டிருக்கேன்! குழாய் கிடக்கட்டும் விடும்மா. யாருக்கு சார் இந்த யோசனை வந்துச்சு?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "எனக்குத்தான். பத்து நாள் தூங்காம யோசிச்சு, என் கையாலயே போட்ட குறி. இதோ, இந்தத் தம்பி ஒரே நாள்ல செஞ்சு முடிச்சிட்டார்" என்று இன்ஜினியரின் தோளைத் தட்டினார். ஆர்க்கிடெக்ட் பலமாகத் தலையாட்டினார். செருப்புக் கடை கண்ணிலிருந்து மெல்ல மறைய, இன்ஜினியருக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"அந்தச் சிவப்புக் குறியா? அதை நேத்து சாயங்காலம் நான்ல போட்டேன்! பதிமூணாவது மாடியில வேலை பாக்குறவங்க எட்டு டம்ளர் திருப்பித் தரல, மறந்துடக் கூடாதேன்னு."